மன்னிப்பது வேறு, ஒப்புரவாவது வேறு: கிறிஸ்தவ மன்னிப்பைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

கிறிஸ்தவக் குடும்பங்களில் சச்சரவு முற்றினால் யாராவது ஒரு பெரியவர் வந்து அமர்வார். நடந்ததைப் பாதி கேட்பதற்குள்ளேயே சொல்லிவிடுவார்: "ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்கிறாரே, நீதான் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் அம்மா." இந்தப் புத்திமதி பெரும்பாலும் அடிபட்டவரைத் தேடித்தான் வருகிறது. பாகப்பிரிவினையில் ஏமாற்றப்பட்ட தம்பிக்கும், குடித்துவிட்டு வரும் கணவனிடம் உதைபடும் பெண்ணுக்கும், ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கடனில் சிக்கிய மைத்துனருக்கும் ஒரே வாசகம்தான். அநியாயம் செய்தவரின் வீட்டுக்குப் போய் அமர ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் சபையில் வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஓரிருவர் தயங்கி நிற்பார்கள். அவர்கள் கேட்பது அநேகமாக இந்த ஒரு கேள்விதான்: "மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்லிவிட்டேன். ஆனாலும் அவரைக் கண்டால் நெஞ்சு எரிகிறது. என் விசுவாசம் பொய்யா?"

பொய்யில்லை. நான்கு தனித்தனிக் காரியங்களை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டதால் வரும் வேதனை அது. மன்னிப்பது, மறுபடி உறவாடுவது, மறுபடி நம்புவது, சட்டப்படி நியாயம் கேட்பது ஆகிய நான்கையும் ஒன்றாகக் கட்டி, முதலாவதைச் செய்தால் மற்ற மூன்றையும் அதோடு தீர்த்துவிட வேண்டும் என்று கற்பித்துவிட்டோம். வேதாகமம் அப்படிக் கற்பிக்கவில்லை.

கடனைத் தள்ளினால் பணம் எங்கே போகிறது?

அடுத்த வீட்டுக்காரருக்கு அவசரத்துக்கு 50,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுக்கிறீர்கள். ஓராண்டு போகிறது. அவரால் திருப்பித் தர முடியவில்லை. ஒருநாள் நீங்களே முடிவு செய்து, "இனி அதைக் கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

அந்த 50,000 ரூபாய் காற்றில் கரைந்துவிடவில்லை. அவர் தர வேண்டியதை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு வாங்க நினைத்திருந்த ஏதோ ஒன்று வாங்கப்படாமல் போகும். கடனைத் தள்ளுகிறவர்தான் அதைச் சுமக்கிறார்.

இதில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எவ்வளவு கடன் என்று தெரிந்தால்தான் அதைத் தள்ள முடியும். "அதெல்லாம் ஒரு தொகையா, விடுங்கள்" என்றால் கடனே இல்லை என்று சொல்வதாகிறது. அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்தது, பழைய கடனைத் தள்ளியதால் அவருக்கு மறுபடியும் கடன் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு வரவில்லை. அது தனியாக எடுக்க வேண்டிய முடிவு.

கிறிஸ்தவம் சொல்லும் மன்னிப்பு இப்படித்தான் வேலை செய்கிறது. தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை முழுமையாக அறிந்த ஒருவர், அதற்குப் பழிவாங்கும் உரிமையைக் கைவிட்டு, இழப்பைத் தானே ஏற்றுக்கொள்வதுதான் மன்னிப்பு. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமும் கடன் கணக்கின் மொழியில்தான் இருக்கிறது: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்."

பதினாயிரம் தாலந்து என்றால் எவ்வளவு?

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை வருகிறது. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ஒருவன். ராஜா மனமிரங்கி அத்தனையையும் தள்ளிவிடுகிறார். வெளியே வந்த அதே ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனைத் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான்.

ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்ட கதை என்பதால் இந்தத் தொகைகளைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஒரு வெள்ளிப்பணம் அன்றைய கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் பதினாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் அடைத்து முடிக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். இன்னொரு விதமாகவும் இதை அளந்து பார்க்கலாம். கலிலேயாவையும், யோர்தான் நதிக்குக் கிழக்கே உள்ள பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவின் ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அந்த ஊழியக்காரன் பட்ட கடன், தேசத்தை ஆண்டவரின் 50 ஆண்டு வருமானம். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர்கள் திகைத்துப் போயிருப்பார்கள்.

மறுபக்கம் உள்ள நூறு வெள்ளிப்பணம் மூன்று நான்கு மாதச் சம்பளம். இதை நான் வகுப்பில் எப்போதும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பிரசங்கங்களில் இது "அற்பத் தொகை" ஆகிவிடுகிறது. நான்கு மாதச் சம்பளத்தை இழந்த எந்தக் குடும்பத்துக்கும் அது அற்பம் அல்ல. ஒருவர் நமக்குச் செய்த தீங்கு சிறியது என்று இயேசு சொல்லவே இல்லை. அது உண்மையான கடன்தான். அதைவிட அளவிட முடியாத பெரிய கடன் ஒன்று ஏற்கெனவே நமக்குத் தள்ளப்பட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறார்.

தகுதி பார்க்காமல் தேவன் தரும் அந்தத் தயவுக்குக் கிருபை என்று பெயர். கிறிஸ்தவர் மன்னிப்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. மனநிம்மதிக்காகவோ உடல்நலத்துக்காகவோ மன்னிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பலன்கள் கிடைத்தால் நல்லதுதான். கொலோசெ சபையாருக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலர் பவுல் சொல்லும் காரணம் வேறு: கிறிஸ்து உங்களுக்கு மன்னித்தார், ஆகையால் நீங்களும் மன்னியுங்கள்.

கடனைத் தள்ளுகிறவரே அதைச் சுமக்கிறார் என்று பார்த்தோம். சிலுவையைக் கிறிஸ்தவர்கள் புரிந்துகொள்வதும் அப்படித்தான்: மனிதர் பட்ட கடனைத் தேவனே ஏற்றுக்கொண்ட இடம் அது. பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதத்தில் இதன் சாயல் தெளிவாகத் தெரியும். எஜமானாகிய பிலேமோனைவிட்டுப் பிரிந்து போன ஒநேசிமு என்னும் அடிமையைத் திருப்பி அனுப்பும்போது, அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று பவுல் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். இழப்பு எதுவும் இல்லை என்று அவர் மழுப்பவில்லை. தானே கட்டுவதாகப் பொறுப்பேற்கிறார்.

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கினால்: மன்னிப்பு என்பது கடன் இல்லை என்று பாசாங்கு செய்வது அல்ல. கடனை அதன் முழு அளவில் பார்த்து, அதை வசூலிக்கும் உரிமையைக் கைவிடுவது. அதற்கு விலை உண்டு. மன்னிக்கிறவர் அதைக் கொடுக்கிறார்.

அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள்

"ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும்" என்ற வசனம் தெரியாத கிறிஸ்தவர் இருக்க மாட்டார். அடிவாங்கும் பெண்ணைக் கணவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பவும் இந்த வசனம் பயன்படுத்தப்படுகிறது. எனக்கு இதைப்போல மனம் கொதிக்கும் விஷயம் வேறில்லை. இப்படிப் பயன்படுத்துகிறவர்கள், அது வரும் அதே மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் முதல் இருபது வசனங்களை வாசிக்காமலே தாண்டி வந்திருக்கிறார்கள்.

6-ஆம் வசனத்தில் மாவரைக்கும் எந்திரக்கல் வருகிறது. சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் அந்தக் கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவதே அவனுக்கு நலமாயிருக்கும் என்கிறார் இயேசு. வலுவற்றவர்களுக்குத் தீங்கு செய்கிறவர்களைப் பற்றி அவர் இதைவிடக் கடுமையாகப் பேசிய இடங்கள் குறைவு. 15-ஆம் வசனத்திலிருந்து ஒரு நடைமுறையே தரப்படுகிறது. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் அவனிடம் தனியே போய்க் குற்றத்தை எடுத்துச் சொல். கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைச் சாட்சிகளாகக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் இணங்கவில்லையா, சபைக்குத் தெரியப்படுத்து. சபைக்கும் செவிகொடுக்காவிட்டால், அவன் உனக்கு வெளியாள்போல இருப்பானாக.

இதற்குப் பிறகுதான் சீடர் பேதுரு அவரிடம் வந்து, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறார். ஆக, மன்னிப்பைப் பற்றிய மிகப் பெரிய போதனை, குற்றத்தை மறைக்கக் கூடாது என்ற போதனைக்கு அடுத்ததாக நிற்கிறது. லூக்கா 17-இலும் இதே வரிசைதான்: கடிந்துகொள், அவன் மனம் வருந்தினால் மன்னித்துவிடு. கடிந்துகொள்ளும் பகுதியை நம் சபைகள் வெட்டியெறிந்துவிட்டன.

இங்கே ஒரு சந்தேகம் வரும். அவர் மனம் வருந்தினால்தான் மன்னிக்க வேண்டுமா? மாற்கு 11:25-இல், ஜெபம்பண்ண நிற்கும்போதே ஒருவன்மேல் உள்ள குறையை மன்னித்துவிடு என்கிறார் இயேசு. அங்கே எதிராளி பக்கத்தில்கூட இல்லை. இரண்டும் முரண் அல்ல. ஒன்று தேவனுக்கு முன்பாக நம் உள்ளத்தில் நடப்பது. அதற்கு எதிராளியின் சம்மதம் தேவையில்லை, அவர் இறந்துபோயிருந்தாலும் அது நடக்கும். மற்றது இரண்டு பேருக்கு நடுவே நடப்பது. அதற்கு இருவரும் வேண்டும். இந்த இரண்டாவதற்கு ஒப்புரவு என்று பெயர்: முறிந்த உறவு, உண்மை பேசப்பட்ட பிறகு, மறுபடியும் சேர்வது.

யோசேப்பு ஏன் உடனே சொல்லவில்லை?

ஒப்புரவு எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று பார்க்க ஆதியாகமத்தின் யோசேப்பைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியவில்லை.

பதினேழு வயதுப் பையனை அண்ணன்மார் குழியில் போட்டு, 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். ஏறக்குறைய 22 ஆண்டுகளுக்குப் பிறகு, பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து, அவன் யாரென்று தெரியாமலே அவன் முன்னால் விழுந்து பணிகிறார்கள். அவன் அப்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. வேவுகாரர் என்று குற்றஞ்சாட்டுகிறான், மூன்று நாள் காவலில் வைக்கிறான், சிமியோனைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புகிறான், இளையவன் பென்யமீனைக் கொண்டுவரச் சொல்கிறான். கடைசியில் பென்யமீனின் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துத் திருட்டுப் பழி போடுகிறான்.

இது பழிவாங்கல்போலத் தோன்றும். ஆனால் அவன் நடுநடுவே ஒதுங்கிப் போய் அழுகிறான். அண்ணன்மார் வருவதற்கு வெகு முன்பே, தன் மூத்த மகன் பிறந்தபோது, என் வருத்தம் யாவையும் தேவன் மறக்கச் செய்தார் என்று சொன்னவன் அவன். உள்ளத்துக் கணக்கு அப்போதே தீர்ந்திருந்தது என்றே நான் வாசிக்கிறேன். அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: இவர்கள் மாறியிருக்கிறார்களா? தகப்பனின் செல்லப்பிள்ளையை விட்டுவிட்டுத் தப்பிக்க மறுபடியும் ஒரு வாய்ப்பு வந்தால் என்ன செய்வார்கள்?

அந்த வாய்ப்பு வந்தபோது யூதா முன்னே வருகிறான். யோசேப்பை விற்றுவிடலாம் என்று அன்றைக்கு யோசனை சொன்னவன் இதே யூதாதான். இப்போது, பையனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், அவனை விட்டுவிடும் என்று கெஞ்சுகிறான். செய்த தவறைவிட்டு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கும் இந்த மாற்றத்தைத்தான் மனந்திரும்புதல் என்கிறோம். அதைக் கண்ணால் கண்ட பிறகே யோசேப்பு சத்தமிட்டு அழுது, "நான் யோசேப்பு" என்கிறான்.

சுருக்கமாக: மன்னிக்க ஒருவர் போதும். ஒப்புரவாக இருவர் வேண்டும், அதில் தவறு செய்தவரின் மனந்திரும்புதல் வேண்டும். நம்பிக்கை இன்னும் பின்னால்தான் வரும். அதைக் கேட்டு வாங்க முடியாது, நடத்தையால் ஈட்ட வேண்டும்.

மன்னித்தவர் வழக்கு நடத்தலாமா?

1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு, நள்ளிரவைத் தாண்டிய வேளையில், ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப்பு, தீமோத்தேயுவும் ஒரு கும்பலால் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஸ்டெயின்ஸ், 1965 முதல் பாரிபதாவில் தொழுநோயாளிகளிடையே பணி செய்தவர். கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே இரவில் இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். மகள் எஸ்தரோடு 2004 வரை அங்கேயே தங்கித் தொழுநோயாளிகளைக் கவனித்தார்.

இந்தச் சாட்சியத்தைச் சபைகளில் அடிக்கடி சொல்கிறோம். கூடவே சொல்ல வேண்டிய இன்னொரு பகுதியை விட்டுவிடுகிறோம். மன்னிப்பையும் குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவையும் ஒன்றோடொன்று குழப்பக் கூடாது என்பதே கிளாடிஸின் நிலைப்பாடு. வழக்கு அதன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒடிசா உயர் நீதிமன்றம் 2005-இல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பு இதனால் ஓர் அணுவும் குறையவில்லை.

போப் இரண்டாம் ஜான் பாலும் இதற்குச் சாட்சி. 1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட மெஹ்மத் அலி அக்ஜாவை நான்கே நாளில் மன்னித்ததாக அறிவித்தார். 1983-இல் சிறைக்கே போய் அவரோடு அமர்ந்து பேசினார். அலி அக்ஜா இத்தாலியச் சிறையிலிருந்து வெளியே வந்தது 2000-இல்தான்.

பழிவாங்குவது தனிமனிதரின் உரிமை அல்ல என்கிறது ரோமர் 12-ஆம் அதிகாரம். அதற்கு அடுத்த அதிகாரமே, தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பை ஆளும் அதிகாரத்திடம் வைக்கிறது. பழியைக் கைவிட்டவர் போலீஸில் புகார் கொடுப்பதில் முரண் இல்லை. அந்தத் தீங்கு அடுத்தவருக்கும் நேராமல் தடுப்பது அன்பின் ஒரு பகுதி. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் தயக்கத்துக்கு இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். "சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம், மன்னித்துவிடுங்கள்" என்று அந்தப் பெற்றோரிடம் சொல்கிறவர், அவர் யாராக இருந்தாலும், சட்டத்துக்கும் அந்த எந்திரக்கல் வசனத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மறந்துவிட வேண்டுமா?

இல்லை. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. நம்ப மறுத்த சீடர் தோமாவை அழைத்து அவரே அதைக் காட்டினார். நினைவு இருப்பது பாவம் அல்ல. அந்த நினைவை எடுத்து எதிராளியின்மேல் வீசாமல் இருப்பதே கேட்கப்படுகிறது.

வீட்டுக்குள், தினமும்

கொலையாளிகளை மன்னித்தவர்களின் கதைகளைக் கேட்டுக் கண்ணீர்விடுகிற நாம், கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடவில்லை என்று சொந்தச் சித்தப்பாவோடு பேசாமல் இருக்கிறோம். இப்படிப்பட்டவற்றை மன்னிப்பு என்ற பெரிய கணக்கில் எழுதவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். குற்றத்தைக் கண்டும் காணாமல் விடுவது மனிதனுக்கு மகிமை என்கிறது நீதிமொழிகள். சமைத்ததைக் குறை சொன்ன மாமியார், நன்றி சொல்லாத மருமகள், அவசரத்தில் சுள்ளென்று பேசிய அண்ணன் ஆகியோர் விஷயத்தில் எல்லாம் நடுவர்களும் சாட்சிகளும் தேவையில்லை. விட்டுவிடலாம்.

பெரிய தீங்குகளின் கதை வேறு. அங்கே மன்னிப்பு ஒருநாளில் முடிவதில்லை. கைமாற்றைத் தள்ளியவரை மறுபடியும் பாருங்கள். "இனிக் கேட்க மாட்டேன்" என்று சொன்னது ஒரு நாள். அடுத்த மாதம் வாடகை கட்டப் பணம் இல்லாதபோது அந்த 50,000 ரூபாய் நினைவுக்கு வரும். பக்கத்து வீட்டில் புதிய பைக் வந்து நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அப்போதெல்லாம் எடுத்த முடிவை மறுபடியும் எடுக்க வேண்டும். ஏழெழுபது தரம் என்பதை நான் இப்படியும் வாசிக்கிறேன்: ஒரே குற்றத்தையே அத்தனை முறை மன்னிக்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு எரிவது மன்னிப்பு பொய் என்பதற்கு அடையாளம் அல்ல. விலை இன்னும் கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோவது என்றால், வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களுக்குத்தான். "எதுவரைக்கும், கர்த்தாவே" என்று முறையிடும் சங்கீதங்களைச் சபையில் நாம் அதிகம் வாசிப்பதில்லை. கோபத்தை அழகுபடுத்தாமல் அப்படியே தேவனிடம் சொல்ல அவை இடம் தருகின்றன. அங்கே கொட்டப்பட்ட கோபம் எதிராளியைத் தேடிப் போவது குறையும்.

கேட்க வேண்டியவர் நாமாக இருந்தால்

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. இதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில், பல நாள் நடைப்பயணத்தில். அத்தனை தூரம் திரும்பிப் போய்ச் சரிசெய்துவிட்டு வா என்றால், மன்னிப்புக் கேட்பதை அவர் ஆராதனைக்கு முன்னால் வைக்கிறார் என்று பொருள்.

எப்படிக் கேட்பது என்பதற்கு, லூக்கா 19-இல் வரும் வரி வசூலிப்பவரான சகேயு இருக்கிறார். மன்னியுங்கள் என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை; யாரிடத்திலாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எல்லோர் முன்பாகவும் எழுந்து நின்று சொன்னார்.

ஆகவே ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவர், "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்க வேண்டாம். செய்ததை அதன் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொள்ளுங்கள்: அந்தப் பத்திரத்தில் உங்களுக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கினேன், அந்தக் கூட்டத்தில் உங்களைப் பற்றிப் பொய் சொன்னேன். திருப்பித் தரக்கூடியதைக் கையோடு எடுத்துப் போங்கள். பொய்யைச் சொன்ன இடத்திலேயே போய் உண்மையைச் சொல்லுங்கள். பதிலை அன்றைக்கே எதிர்பார்க்காதீர்கள். வேத வசனத்தைக் காட்டி அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாலும், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.